கண்ணு பார்க்கிற அக்கா

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த அக்கா ஆட்களைப் பார்க்கமாட்டாள். கட்டில் எங்கே கிடக்கிறது என்றுதான் பார்ப்பாள். "வாங்கக்கா" என்று கூப்பிட்டு, பாயை விரித்து, தண்ணீர்ச் சொம்பை நீட்டினாலும் அவள் பார்வை சுவரோரமாகவே மேயும். தலைமாடு எந்தப் பக்கம், அந்தச் சுவருக்கு அந்தாண்டை என்ன இருக்கிறது, ஃபிரிட்ஜ் எங்கே, இன்வெர்ட்டர் எங்கே என்று எல்லாம் விளங்கின பிறகுதான் தண்ணீரைக் குடிப்பாள். குடித்துவிட்டு, "இந்தக் கட்டில கொஞ்சம் இப்பிடி இழுங்க" என்பாள். விருந்தாளியாக வந்தவள் கட்டிலை இழுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் எங்கள் தெருவில் அவள் இழுக்க வைக்காத கட்டிலே கிடையாது.

அப்போது நாங்கள் வள்ளூரில் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். கல்யாணத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஒயர் சுற்றுகிற வேலை பார்த்தவள் நான். கல்யாணமானதும் என் வீட்டுக்காரருக்கு மின்நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை என்பதால் அங்கே வந்து சேர்ந்தேன். சிமெண்ட் ஷீட் போட்டு, ஒரே சுவரை இரண்டிரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும் வரிசை வீடுகள். அதற்கு லைன் வீடு என்று பெயர். மேலே மின்நிலையத்திலிருந்து கிளம்பும் கனத்த கம்பிகள் டவர் டவராகத் தாண்டிப் போகும். அதற்கும் லைன் என்றுதான் பெயர். "லைனுக்குக் கீழ லைன் வீடு" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். முதல் தடவை கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

அக்கா முனையில் நாஷ்டா கடை வைத்திருந்தாள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி, பூரி. வெயில் ஏறுவதற்குள் பாத்திரம் காலியாகிவிடும். மிச்சப் பொழுதெல்லாம் அவளுக்கும் அந்த டப்பாவுக்கும்தான்.

டப்பா வந்த கதை துணிக்கொடியில் தொடங்கியது. அந்த லைனுக்குக் கீழே இரும்புக் கம்பியில் ஈரத்துணி காயப்போட்டால் விரலில் சுருக்கென்று ஒன்று ஏறும். கம்பி கடிக்குது என்று சொல்வோம். எல்லோரும் கடி வாங்கினோம், கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டிக்கொண்டோம், விஷயத்தை மறந்துவிட்டோம். அக்கா மட்டும் மறக்கவில்லை. கப்பல் வேலையில் இருந்த மகனிடம் போனில் பிடித்துக்கொண்டாள். "இன்னா கடிக்குது, எத்தினி கடிக்குது, அத்த சொல்ற மிசின் ஒன்னு கீதாம்டா. வாங்கினு வா." அம்மாவின் வாயை அடைக்க அவனும் சிங்கப்பூரில் தேடி ஒன்றை வாங்கி வந்தான். வாய் அடையவில்லை, இன்னும் திறந்துகொண்டது.

டி.வி. ரிமோட் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் முகப்பில் வரிசையாக ஐந்து விளக்கு. முதல் இரண்டும் பச்சை, அடுத்தது மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, கடைசி சிவப்பு. மின்சாரம் ஓடுகிற இடத்தைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ பரவி இருக்குமாம். அது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு விளக்கு எரியும். அக்கா விளக்கு என்று சொல்லமாட்டாள், கண்ணு என்பாள். "மிக்சி கிட்ட நாலு கண்ணு முழிச்சிகினு கீது." "இங்க ஒத்தக் கண்ணுதான், நல்லா படுங்க." தெருவில் எல்லோரும் பிள்ளைகளைக் கண்ணு, கண்ணு என்று கொஞ்சுவோம். அவள் வாயில் அந்த வார்த்தை முழுக்க டப்பாவுக்குப் போய்விட்டது.

கொஞ்ச நாளில் எங்கள் எல்லோருக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. குழாயடியில் "உங்க ஊட்ல எத்தினி கண்ணு?" "எங்களுக்கு மூணு, உங்களுக்கு?" என்று விசாரித்துக்கொள்வோம். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர், கண்ணு பார்க்கிற அக்கா வீடு எது என்று கேட்டுக்கொண்டு, துணியில் சுற்றிய பழைய மூக்குக்கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். அவருக்குக் கண்ணில் புரை. பாவம், வெயிலில் நடந்தே வந்திருந்தார். அக்கா அவரை உட்காரவைத்து இட்லி கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். ஏற்றிவிடும்போதும் கேட்டாள்: "நைனா, உங்க ஊட்ல தல எந்தப் பக்கம் வச்சினு படுக்கறீங்க?"

அவளுடைய பார்க்கிற முறை ஒன்று உண்டு. ஒரே இடத்தில் நின்று டப்பாவை நிமிர்த்தி ஒரு தடவை, படுக்கப் பிடித்து ஒரு தடவை, பக்கவாட்டில் சாய்த்து ஒரு தடவை பார்ப்பாள். பிடிக்கிற வாட்டத்துக்குத் தகுந்தபடி விளக்கு கூடும், குறையும். ஒரு வாட்டத்தில் ஐந்தும் எரிகிற இடத்திலேயே இன்னொரு வாட்டத்தில் ஒன்றோ இரண்டோதான் எரியும். "மூணுல எது ஜாஸ்தியோ அத்தான் கணக்கு. கொறச்சலா காட்றத எடுத்துக்கறது ஏமாத்து வேல" என்பாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் வீட்டிலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னாள்.

அந்தக் கணக்கில் அவள் யாருக்கும் தள்ளுபடி கொடுத்ததில்லை. அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு சீரியல் பல்ப் போர்டை சாமி தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். கமிட்டிக்காரர்களிடம் போய், "அம்மாவுக்கு அஞ்சு கண்ணு. உங்க ஊட்டுப் பொம்பளைங்கள அங்க படுக்க வைப்பீங்களா?" என்று கேட்டாள். அவர்கள் முறைத்தார்கள், ஆனாலும் போர்டைக் கழற்றி வேப்பமரத்துப் பக்கம் மாட்டினார்கள். அக்கா பிரசாதத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வந்தாள்.

அது சாமி விஷயம், போகட்டும். சொந்த மகள் விஷயத்தில் செய்ததுதான் தாங்காது. மாப்பிள்ளை வீடு பார்க்க மீஞ்சூர் பக்கம் போயிருந்தோம். துணைக்கு நானும் போனேன். நல்ல குடும்பம், பையன் லட்சணமாக வேறு இருந்தான். எல்லாம் பேசி முடித்து, கை நனைக்க இலை போடுகிற நேரம். பையனுடைய அறையைக் காட்டினார்கள். அக்கா கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறேன், கேட்டால்தானே. மூன்று வாட்டமும் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னாள்:

"செவுத்துக்கு அந்தாண்ட இன்வெர்ட்டரு கீதா? தல்மாட்டுல நாலு கண்ணு காட்டுது. கட்டில மாத்திட்டா ஒன்னும் இல்ல."

"எங்க ஊட்டுல கொற கண்டுபுடிக்கத்தான் மிசினு எடுத்துனு வந்தீங்களா?" என்றார் அந்த அம்மா.

அந்தச் சம்பந்தம் அதோடு போச்சு. இலையும் போடவில்லை. பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா இன்னாக்கா? கல்யாணத்துக்கு அப்பால மாத்திக்கலாமே" என்று கேட்டேன்.

"தெரிஞ்சப்பறம் எப்டிம்மா சும்மா இருக்கறது? தெரியாம தூங்கறவங்கள பாத்தா எனக்கு தூக்கம் வர்றதில்ல" என்றாள். அவள் முகத்திலும் வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு அந்தப் பெண்ணுக்கு மணவாள நகரில் நல்ல இடம் அமைந்தது. அங்கேயும் முதல் வேலையாக ஃபிரிட்ஜை நகர்த்த வைத்தாள். ஃபிரிட்ஜை ஏன், கட்டிலையே திருப்பிப் போட்டுவிடலாமே என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "அப்ப தல வடக்க வருமே. கரண்டுக்குப் பயந்துகினு எமன்கிட்ட போறதா?" என்றாளாம். அந்த மாப்பிள்ளைக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

எங்கள் வீட்டுக்கு அவள் டப்பாவோடு வந்தது நாங்கள் குடிவந்து சில மாதங்களில். அடுப்படி, ஜன்னல், கட்டில், வாசல் என்று எங்கே பிடித்தாலும் சிவப்பு. எங்கள் வீடும் பக்கத்து வீடும்தான் லைனுக்கு நேர் கீழே. "மாத்தறதுக்கு எடமே இல்லம்மா. ஊட்டத்தான் மாத்தணும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் சிரித்தேன். கல்யாணமான புதிது, எதைச் சொன்னாலும் சிரிப்பு வருகிற காலம்.

அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. இதை நீட்டி எழுத எனக்கு மனமில்லை. மூன்றாவது முறை ஐந்து மாதம் தாண்டியது. தாண்டியதும் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். எனக்குச் சிவப்பு விளக்கு ஞாபகம் வந்தது. படுத்தால் மேலே ஷீட், ஷீட்டுக்கு மேலே லைன். பனி பெய்யும்போது அந்தக் கம்பிகள் உஸ்ஸென்று ஒரு சத்தம் போடும், அதைக் கேட்டுக்கொண்டே விழித்துக் கிடப்பேன். வேறு வீடு தேடினோம். எங்கள் வசதிக்குக் கிடைத்ததெல்லாம் அதே கம்பிக்குக் கீழேதான் இருந்தது. பிறந்த வீடு என்று போய் உட்கார எனக்கு அம்மாவும் இல்லை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. டாக்டரம்மாவிடம் லைனைப் பற்றிக் கேட்டேன்.

"கம்பிக்கும் உனக்கு நடந்ததுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாராலும் சொல்ல முடியாதும்மா. நீ தூங்காம இருக்கியே, அதுதான் இப்ப கெடுதல். பிரஷர் இப்படியே இருந்தா குழந்தைக்கு ஆபத்து. அலையாதே, படு, தூங்கு" என்றார்.

தூங்கு என்றால் தூக்கம் வந்துவிடுமா? என்னைப் பார்த்துக்கொள்ள திருவள்ளூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியார் வந்திருந்தார். நெல் வயலும் மாடுமாக இருந்தவர். ஏன் தூங்கமாட்டேன் என்கிறேன் என்று நோண்டி நோண்டிக் கேட்டு, கடைசியில் விளக்கு விஷயத்தை என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார். எங்கள் தெருப் பேச்சு அவருக்குப் புதிது. "அந்தக்கா வந்து அஞ்சு கண்ணுன்னு சொல்லிட்டுப் போச்சு அத்தே" என்று நான் சொன்னதில் அவர் காதில் விழுந்தது கண்ணு மட்டும்தான். விறுவிறுவென்று நாஷ்டா கடைக்கே போய்விட்டார்.

"ஏம்மா, வயித்துப் புள்ளக்காரி ஊட்டுல வந்து கண்ணு வச்சிட்டுப் போனியாமே? உன் கண்ணு பட்டுத்தான் என் மருமவளுக்கு ரெண்டு வாட்டி நிக்கல. இப்ப தூக்கமும் போச்சி. நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்களாம். அது டப்பாவிலிருக்கிற விளக்கு, நான் வைத்த கண் இல்லை என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அதுகூடச் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு தூங்கறதில்லியா?" என்று மட்டும் கேட்டாளாம். மாமியார் வீட்டுக்கு வந்து மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். மிளகாய் கமறவே இல்லை, அவ்வளவும் திருஷ்டி என்றார். எனக்கு மட்டும் கமறி இருமல் வந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரமோ என்னவோ அக்கா எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் மத்தியானம் ஜன்னலோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். எங்கள் வாசலுக்குச் சற்றுத் தள்ளி அக்கா நிற்பது தெரிந்தது. கையில் டப்பா. அதை நிமிர்த்தினாள், சாய்த்தாள், படுக்கப் பிடித்தாள், மணிக்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். எங்கோ ஒரு வாட்டத்தில் கை நின்றது. அந்தக் கையை அப்படியே, நிறைய தண்ணீர் தளும்புகிற சொம்பைத் தூக்கி வருகிறவள் மாதிரி அசையாமல் பிடித்துக்கொண்டு வாசல்படி ஏறினாள்.

மாமியார் எழுந்து வழியை மறித்தார். "மறுபடியும் இன்னாத்துக்கு வந்த?"

"இல்ல யம்மா. லைன்ல லோட கொறச்சிட்டாங்களாம். ஒரு யூனிட்ட நிறுத்தி வச்சிகீறாங்களாம். அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீங்களே பாருங்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். சொல்லும்போதே குரல் உள்ளே போனது. ஆனால் டப்பாவில் இரண்டே விளக்கு, இரண்டும் பச்சை. கட்டிலைச் சுற்றி நடந்தாள், என் தலைமாட்டில் காட்டினாள், வயிற்றுக்கு நேரே காட்டினாள். எந்த இடத்திலும் கையைத் திருப்பவில்லை. மாமியார் குனிந்து குனிந்து பார்த்தார். "ரெண்டு கண்ணுதான்" என்று அவரும் சொல்லக் கற்றுக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. காப்பி போடப் போய்விட்டார்.

நான் அக்காவின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நரம்பு புடைத்திருந்தது. சொந்த மகளின் சம்பந்தத்தைக் கெடுத்துக்கொண்டு உண்மையைச் சொன்ன கை. "ரெண்டுதான்மா. பச்ச. தூங்கு" என்றாள்.

"சரிக்கா" என்றேன். அவள் காப்பி குடித்து முடிப்பதற்குள் தூங்கிப்போயிருக்கிறேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமியார் எழுப்பினார்.

இந்தச் செய்தி தெருவில் நிற்குமா? லோடு குறைந்துவிட்டதாம் என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். "எந்த யூனிட்ட நிறுத்தினாங்க? எனக்குத் தெரியாதே" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிதான் விடாப்பிடியாக நின்றாள். "ஒரே செவுருதானே, எங்க ஊட்லயும் ஒருவாட்டி பாரு" என்று அக்காவைத் துளைத்தாள். அங்கே உண்மையைச் சொன்னால் என் வீட்டுப் பச்சை பொய்யாகிவிடும். அங்கேயும் பொய் சொன்னால் ஏமாந்து படுக்கிற வீடு இன்னொன்று கூடும். அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "மிசினு அவுட்டு. உள்ள கண்ணு அவிஞ்சிப்போச்சி."

அன்றோடு டப்பா உள்ளே போனது. அவள் யார் வீட்டுக் கட்டிலையும் இழுக்கச் சொல்லவில்லை. கடைக்கு வருகிற பையன்கள் "இன்னாக்கா, இட்லியில எத்தினி கண்ணு?" என்று ஓட்டினால் பேசாமல் சட்னியை ஊற்றினாள். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டு ஓனர் வேறு, என் வீட்டில் இரண்டு கண்ணுதான், அந்தம்மாவே சொல்லிவிட்டது என்று புதிதாகக் குடிவருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தான். அதையும் அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பிரஷர் இறங்கியது. மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் அக்கா வந்தாள். மாமியாரே கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு வெந்நீர் போடப் போனார். அக்கா குழந்தையின் பாதத்தைக் கட்டைவிரலால் வருடிக்கொண்டிருந்தாள். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை.

"அன்னிக்கு நீங்க டப்பாவ திருப்பவே இல்லக்கா."

வருடிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"பாத்துட்டியா?"

"பாத்தேன். வாசலாண்ட நீங்க திருப்பித் திருப்பிப் பாத்தீங்களே, அதையும் பாத்தேன்."

"அப்ப எப்டிடீ தூங்குன?"

"எனக்கோசரம் நீங்க போயி பொய் சொல்றீங்களேன்னு இருந்திச்சி. அதுக்கப்பறம் மேல கம்பி இருக்கறதே ஞாபகம் வரலக்கா."

குழந்தை கொட்டாவி விட்டது. அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நீ தூங்கிட்ட. நான்தான் அன்னிலேந்து தூங்கல. சேப்ப போயி பச்சன்னு சொல்லிட்டனே, என்ன நம்பி அந்தப் பொண்ணு அங்கியே படுத்துகினு கீதே, வயித்துப் புள்ளைக்கு எதுனா ஒன்னு ஆயிட்டா நான் இன்னா பண்ணுவேன்னு டெய்லி செவுத்த பாத்துகினு கெடந்தேன். புள்ள பொறந்து அழுதுச்சின்னு உன் மாமியா வந்து சொல்லிச்சே, அன்னிக்குத்தாம்மா படுத்தேன். கடைய கூட தொறக்கல."